அரிக்கும் என்று சொன்ன புல்

புல் வளர்க்கிறேன் என்று நான் சொன்னால், கேட்டவர்கள் முதலில் கேட்பது, “எத்தன உருப்படிங்க கட்டியிருக்கறீங்க?” என்றுதான். மாடே இல்லை என்றால் அவர்கள் முகத்தில் ஒரு குழப்பம் வரும். மாடில்லாத வீட்டில் புல் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நியாயமான கேள்வியையே தினம் ஒருவர் வந்து கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கோபக்காரி. வயதாக ஆகக் குறைந்துவிட்டது என்று மருமகள்கள் பேசிக்கொள்கிறார்களாம். என் எதிரில் பேசுவதில்லை.

மாடு இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது எருமையும் பசுவுமாகக் கட்டுத்தறி நிறைய நின்றன. அப்புறம் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பனியன் கம்பெனி ஆரம்பித்தார்கள். மாட்டுக் கொட்டகைக்குள் நிட்டிங் மெஷின் வந்தது. மாடுகள் சேவூரில் அண்ணன் பண்ணையம் பார்க்கிற தோட்டத்துக்குப் போய்விட்டன. அண்ணன் தோட்டத்தில் இருந்துகொண்டே கம்பெனிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். என் வீட்டுக்காரர் இங்கே இருந்துகொண்டு, “ஆகட்டுங்ணா” என்பார். கம்பெனி நடந்த விதம் அவ்வளவுதான்.

அறுபதுகளில் நெருப்பெரிச்சல் ஊருக்குப் போகிற பாதையில் இருந்த வீடுகளில் எல்லாம் இதே கதைதான். கம்பெனி வளரும், வீடு சுருங்கும். எங்கள் முருங்கை மரம் நின்ற இடத்தில் சலவைத் தொட்டி வந்தது. சாமி படத்துக்குக் கீழே நூல் மூட்டை, கட்டிலுக்கு அடியில் பனியன் கட்டு, சோற்றுப் பானை மேல் பஞ்சுத் தூசி. மிச்சமிருந்தது கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் போகிற பாதையும், அதற்கு ஒரு பக்கத்தில் இரண்டு வண்டி நிறுத்துகிற அளவு மண்ணும்தான். அந்த மண் எனக்கு வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது. கம்பெனி தொடாத இடம் என்று ஒன்று இருக்கட்டுமே என்ற ஆத்திரமாக இருந்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சம்பந்தி வீட்டுக்கு வேண்டப்பட்ட வக்கீல் ஒருவருடைய பங்களாவில் எங்களைத் தங்க வைத்தார்கள். சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், பாதையோரம் முழுக்கப் புல். முழங்கால் உயரம். ஒவ்வொரு குத்திலிருந்தும் பூ, பூ என்றால் இதழெல்லாம் கிடையாது, கோழி இறகைப் போல நீளமாக, மெத்தென்று, வெள்ளையும் ஊதாவும் கலந்த நிறத்தில் வளைந்து நின்றது. மேற்கு வெயில் அதற்குப் பின்னால் விழுந்ததும் ஒவ்வொரு இறகும் பற்றி எரிகிறது. காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுகின்றன. அடடா, அடடா என்று நின்றுவிட்டேன். கல்யாணத்துக்குப் போனவள் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்தால் அது பெரிய பேச்சு.

அங்கே தோட்ட வேலை செய்தவரிடம் கேட்டேன். அவர் தாராளமான மனுஷர். இறகுப் புல்லில் பல ஜாதி இருக்கிறதென்று சொல்லி, ஆள் உயரத்துக்குக் குதிரை வால் போல வெள்ளைக் கதிர் விடுகிற ஒன்றையும் காட்டினார். அது ஊட்டியிலிருந்து வந்ததாம். எனக்கு ஆசை கண்ணை மறைத்தது. சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைக் கேட்டு வாங்கினேன். ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நட்டேன். எங்கள் ஊர் வெயிலையும் எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரையும் அது ஒரு சித்திரை கூடத் தாங்கவில்லை. நுனி கருகி, நடு கருகி, கடைசியில் பழைய விளக்குமாறு போல நின்றது.

வெளியூர்க்காரி வேண்டாம், உள்ளூர்க்காரியையே பார்க்கலாம் என்று நொய்யல் கரையிலிருந்து நாணல் கொண்டுவரச் சொல்லி நட்டேன். அது வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது, உண்மைதான். ஆனால் அதற்கு மட்டு மரியாதை தெரியவில்லை. சலவைத் தொட்டி வாய்க்காலுக்குள் வேர் விட்டது. பாதைக் கல்லைப் பெயர்த்தது. மதிற்சுவருக்கு அடியில் புகுந்து அடுத்த வீட்டுக் குளியலறையில் தலை காட்டியது. அந்த வீட்டம்மா வந்து, “ஏனுங்க, உங்க புல்லு எங்கூட்ல வந்து குளிக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கடப்பாரை போட்டுத் தோண்டி எடுத்தோம்.

மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது. அந்தச் சின்னப் புல்லையே கேட்டு வாங்கி, குத்தைப் பிரித்து, ஆடி கழிந்து மழைக்கு முன்னால் நட்டேன். சேதி கேட்டு வந்த என் அப்பா, மகள் முதல்முறையாகப் பண்ணையம் செய்கிறாள் என்ற சந்தோஷத்தில் சாணி எரு ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டினார். இலையெல்லாம் கொழுகொழுவென்று வந்தது, இறகு ஒன்றுகூட வரவில்லை. சொகுசு கொடுத்தால் இது பூக்காது என்று அந்த வருஷம் தெரிந்துகொண்டேன். அடுத்த வருஷம் எரு இல்லை, தண்ணீரும் எப்போதாவதுதான். மாசியில் ஒரு சாண் விட்டு மொட்டையாக அறுத்துவிட்டேன். என் அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு இலையைப் பிய்த்து மென்று பார்த்துவிட்டு, “இது நம்ம ஆடு மேயற கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லுக்குப் பங்காளி மொறையாகோணும் கண்ணு. ஆடு நல்லா திங்கும்” என்றார். ஆடு தின்னட்டும் என்று பஸ்ஸேறிப் போய் வாங்கி வரவில்லை என்று சொன்னேன். வந்த கோபத்தில் அவருக்குக் காப்பி கொடுக்கவும் மறந்துவிட்டேன்.

வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் வரிசையாக இருக்கும். சாமிக்கு ஆகுமா? ஆகாதுங்க. தலைக்கு வைக்கலாமா? முடியாதுங்க. மருந்துக்கு? இல்லீங்க. மாடு திங்குமா? திங்கும், குடுக்க மாட்டேன். அப்புறம் எதுக்குங்க? அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லுவாங்க, நம்மூட்டு அம்மிணி என்ன யுத்தத்துக்குப் போறாங்களோ” என்று கம்பெனியில் தைக்கிற பெண்கள் கேலி பேசுவது என் காதில் விழும்படியே பேசுவார்கள்.

யுத்தம் வந்தது. ஐப்பசி மழையில் புல் திமிராக எழுந்து நிற்கும்போது சேவூரிலிருந்து அண்ணன் வந்தார். வண்டியை விட்டு இறங்கி, பாதையில் நின்று, அந்த மண்ணைக் கண்ணாலேயே அளந்தார். “தம்பி, இந்த எடம் சும்மாதானே கெடக்குது. தை பொறந்ததும் ஒரு ஷெட்டு எறக்கி ரெண்டு மெஷினு போட்டர்லாம்” என்றார்.

“ஆகட்டுங்ணா” என்றார் என் வீட்டுக்காரர்.

சும்மா கிடக்கிறதாம்! காலுக்குக் கீழே புல் நிற்கிறது, சும்மா கிடக்கிறதாம்! அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது நான் வைத்த சத்தத்தில் தட்டம் நெளிந்திருக்கும். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, “அண்ணன் சொன்னா எப்படி அம்மிணி மாத்திப் பேசறது?” என்றார். பிறந்ததிலிருந்து மாற்றிப் பேசியதில்லை. அப்பா இல்லாமல் அண்ணன் வளர்த்த தம்பி. அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? என் மண் போகப்போகிறது.

யோசித்து யோசித்து ஒரு வழிதான் தோன்றியது. அண்ணனும் மனுஷர்தான். பருத்திக்காடு வெடித்து நிற்கும்போது வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். அவர் தையில் வரும்போது என் புல் முழுசாக இறகு விட்டு நிற்க வேண்டும். அதை ஒரு தடவை சாயங்கால வெயிலில் பார்த்துவிட்டால் எந்த மனுஷனுக்கும் அங்கே கடப்பாரை போட மனசு வராது. இப்படி நான் நம்பினேன். எல்லாமே அந்த இறகுகள் தைவரைக்கும் நிற்பதில்தான் இருந்தது.

கார்த்திகையில் இறகு வந்தது. முதல் நாள் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டு குழந்தைகள் பெற்றவள் ஒரு புல் பூத்ததற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பார்த்தால் பாதையோரத்துக் குத்துகளில் பாதி இறகு இல்லை. மாடு இல்லை, ஆடு இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். யார்? ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பஞ்சு மார்க்கெட்டில் பழகிய ஆண்களைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வெள்ளையாக, மெத்தென்று எதைக் கண்டாலும் அவர்கள் கை சும்மா இருக்காது. ஒரு கொத்து பிய்ப்பார்கள். இரண்டு கைப் பெருவிரலாலும் பிடித்து மெல்ல இழுப்பார்கள். இழையைச் சேர்த்து வைத்து மறுபடி இழுப்பார்கள். கண்ணுக்கு நேரே தூக்கி நீளம் பார்ப்பார்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்து செய்வதில்லை. பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே, கை தானாகச் செய்யும். பஸ் சீட்டு கிழிந்து பஞ்சு தெரிந்தால்கூட இழுத்து ஸ்டேபிள், அதாவது இழை நீளம், பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

எங்கள் கம்பெனிக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்த ஜாதி. நூல் ஏஜெண்ட் வந்தார், ஒரு இறகு போயிற்று. ஊசி விற்கிறவர் வந்தார், ஒன்று. ஜின்னிங் பேக்டரிக்காரர் நண்பரோடு வந்தார், இழுத்துப் பார்த்துவிட்டு நண்பரிடம், “இழை பத்தாதுங்க” என்றார். நண்பரும் சரிபார்ப்பதற்கு ஒன்றைப் பிய்த்தார். எல்லோரையும் மிஞ்சியவர், எங்களிடம் வெட்டுத்துணி எடுக்கிற பாய். தங்கமான மனுஷர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. என் வீட்டுக்காரர் மட்டும்தான் அந்தப் பாதையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

‘தொடாதீர்கள்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அட்டையைப் படித்துக்கொண்டே பிய்த்தார்கள். இலந்தை முள் வெட்டிப் போட்டேன். முள்ளை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிய்த்தார்கள். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நானே உட்கார்ந்தேன். என்னிடம் சௌக்கியம் விசாரித்துக்கொண்டே பிய்த்தார்கள். “ஏனுங்க, கையக் கொஞ்சம் சும்மா வெச்சிருங்க!” என்று ஒருநாள் கத்தினேன். நூல் ஏஜெண்ட் தன் கையைப் பார்த்து, அதிலிருந்த இறகைப் பார்த்து, “அட, இது எப்படிங்க வந்துச்சு?” என்றார். பாவம், அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

இப்படியே போனால் தைக்கு வெறும் குச்சிதான் நிற்கும். ஒருநாள் காலையில் பாய் கை நீட்டினார். என் வாயில் அது எப்படி வந்ததோ, “பாய், தொடாதீங்க, அரிக்கும்!” என்றேன்.

பாயின் கை அப்படியே நின்றது. “அரிக்குமாங்க, தங்கச்சி?”

“நெம்ப அரிக்குமுங்க. தடிச்சுப் போயிரும்.”

“யா அல்லா. நான் எத்தன நாளா இழுத்துட்டிருக்கறேன்” என்று கையை வேட்டியில் துடைத்தார். துடைத்ததோடு விடவில்லை, அங்கேயே நின்று முழங்கையைச் சொறிய ஆரம்பித்துவிட்டார். நினைத்தாலே வருகிற அரிப்பு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உள்ளே ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. எல்லோரும் பாதையின் மறு ஓரமாக, சுவரை உரசிக்கொண்டு போனார்கள். புதிய இறகுகள் வந்து அடர்ந்தன. மார்கழிப் பனியில் காலையில் ஒவ்வொன்றும் முத்துக் கோத்து நின்றது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது எனக்குத் தெரியவில்லை. பாய் தன் நல்ல மனசால் மார்க்கெட்டில் நாலு பேரை எச்சரித்திருக்கிறார், அந்த ஊட்டுப் புல்லத் தொடாதீங்க, அரிக்கும் என்று. நாலு பேரில் ஒருவர், அந்தப் புல் பறந்து துணி காய்கிற இடத்தில் விழுமே என்றிருக்கிறார். அடுத்தவர், விழுந்து பனியனுக்குள் போயிருக்குமே என்றிருக்கிறார். மூன்றாவது டீக்கடையைத் தாண்டும்போது, எங்கள் கம்பெனி பனியன் போட்டால் அரிக்கிறது என்று ஆகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வெள்ளைப் பனியனுக்கு இதைவிடக் கெட்ட பேர் கிடையாது. அழுக்கு என்றால் வெளுத்துவிடலாம், ஓட்டை என்றால் தைத்துவிடலாம். அரிப்பு என்று பேர் வந்தால் கடைக்காரன் அலமாரியில் வைக்கமாட்டான்.

மதுரையில் எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கிற வியாபாரி, கடைசியாகப் போன பனியன் கட்டைப் பிரிக்காமல் வைத்துவிட்டு நேரே வந்து நின்றார். அன்று காலையிலேயே சேவூரிலிருந்து அண்ணனும் வந்துவிட்டார். சந்தையில் யாரோ அவரிடமே கேட்டிருக்கிறார்கள், “உங்க பனியனு அரிக்குதாமுங்களே?” என்று. தைக்கு இன்னும் நாள் இருந்தது. சாயங்கால வெயிலும் இல்லை. என் இறகுகள் அத்தனையும் பளபளவென்று நின்றன, அவர் பார்த்த பார்வை பாம்புப் புற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“வெள்ளத் துணி காயற ஊட்ல அரிக்கற புல்ல நட்டு வெச்சிருக்கறீங்க. தம்பி, இப்பவே ஆள உட்டுப் புடுங்கி எறி. வேரோட.”

என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து கொட்டகை வாசலில் நின்றார். இதோ “ஆகட்டுங்ணா” வரப்போகிறது. நானே அண்ணனிடம் முந்திக்கொண்டேன். “மாமா, அரிக்காதுங்க. யாரும் பிய்க்கக் கூடாதுன்னு நாந்தான் சும்மா சொன்னனுங்க.”

ஒருத்தரும் நம்பவில்லை! பொய் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. “புல்லக் காப்பாத்தறக்கு இப்ப இப்பிடிச் சொல்றயா அம்மிணி?” என்றார் அண்ணன். மதுரைக்காரர் சிரித்தார். “அன்னைக்கு அரிக்கும்னீங்க. இன்னைக்கு அரிக்காதுங்கிறீங்க. நான் எங்கூர்ல போயி எதைச் சொல்லட்டும்மா?”

ஒரு இறகைப் பிய்த்து என் உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்துக் காட்டினேன். வெட்டுத்துணி எடுக்க வந்த பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். “தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. வளத்தவங்க கைக்குப் பழகிப் போயிருக்கும். பனியனு கையிலயாங்க போடறோம்?”

நியாயம்தான். பனியன் போடுகிற இடம் முதுகு. நான் போய் வாசலில் நின்று முதுகைக் காட்ட முடியுமா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை, அதுதான் அடக்கவே முடியாது.

அப்போது என் வீட்டுக்காரர் நடந்து வந்தார். போட்டிருந்த பனியனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வேர்வையில் நனைந்திருந்தது. குனிந்து, கை கொள்ளுகிற மட்டும் இறகுகளைக் கொத்தாக உருவினார். நெஞ்சில் தேய்த்தார். வயிற்றில் தேய்த்தார். கொத்தைப் பாயிடம் நீட்டித் திரும்பி நின்றார். “முதுகுல நீங்க தேய்ங்க பாய்.”

பாய் ஏதோ கண்ணாடிச் சாமானைத் துடைக்கிற மாதிரித் தொட்டார். “நல்லா அழுத்தித் தேய்ங்க” என்றார் இவர். பாய் தேய்த்தார். கொத்து உதிர்ந்து தீர்ந்ததும் இவரே குனிந்து இன்னொரு கொத்து உருவிக் கொடுத்தார். பிறகு இன்னொன்று. கடைசியில் என் குத்துகளில் வெறும் தண்டுதான் நின்றது. ஒவ்வொரு கொத்துக்கும் எனக்கு நெஞ்சில் இழுத்தது. ஆனால் நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

“அம்மிணி, அவருக்குக் காப்பி கொண்டாந்து குடு” என்று மதுரைக்காரரைக் காட்டினார்.

கொண்டுவந்து கொடுத்தேன். மதுரைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, தம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்தோம். தைக்கிற பெண்கள் கொட்டகை வாசலில் வந்து கூடிவிட்டார்கள். இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நூல் விலையைப் பற்றிப் பேசினார். இவர்! மழையைப் பற்றிப் பேசினார். மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டம் எப்படி என்று விசாரித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கால் கட்டைவிரல் மட்டும் மண்ணை நோண்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் எதிரில் நிற்கிற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரைக்காரர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “சரிங்க. ஊர்ல போயிக் கட்டைப் பிரிச்சுடறேன். அரிப்பாவது ஒண்ணாவது. வேலை வெட்டி இல்லாத பயலுக கிளப்பி விட்டுருக்காய்ங்க.” பாய், தானும் அப்படித்தான் முதலிலிருந்தே நினைத்ததாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார்.

அண்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தம்பியின் தோளில் தட்டினார். அப்புறம் என் மண்ணைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, குச்சிகள்தான். “செரி, புல்லுத்தான் மொட்டையாப் போச்சே. தை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே ஆள உட்டு ஷெட்டுக்குக் குழி எடுத்தர்லாம்” என்றார்.

நான் கையிலிருந்த பனியனைக் கசக்கிக்கொண்டு நின்றேன். எதைக் காட்டி அவர் மனசை மாற்றலாம் என்று இருந்தேனோ, அது வாசலெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

“இல்லீங்ணா” என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துத் திரும்பினார். “என்னப்பா?”

“இங்க ஷெட்டு வேண்டாங்ணா. வேணுங்கறதப் பின்னால நீட்டிக்கலாம். இது அம்மிணியோட எடம்.”

கொட்டகையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. அண்ணன் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார். “செரி, அப்ப பின்னாலயே பாத்துக்க” என்றார். போகும்போது பாதையின் ஓரமாக, தண்டுகளை மிதிக்காமல் போனார்.

வண்டி திரும்பியதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் கிணற்றடிக்கு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சலவைக் கல்லில் முதுகை வைத்து எருமை மாதிரித் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. நெஞ்சும் வயிறும் அதே கோலம்.

“அடக் கடவுளே! ஏனுங்க, நெசமாவே அரிக்குதுங்களா?”

“மொதத் தேய்ப்புலயே ஆரம்பிச்சிருச்சு.”

தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் மூச்சு முட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “இத்தன நேரம் நின்னுட்டு இருந்தீங்களே, ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா?”

“சொன்னா உன்ற புல்லப் புடுங்கிப் போட்டிருப்பாங்கல்ல” என்றார். பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து முதுகைக் காட்டினார். “எண்ணெ அப்பறம் போடலாம், மொதல்ல நல்லா நகத்த வெச்சுச் சொறி அம்மிணி. அந்த மதுரக்காரரு காப்பிய ஊதி ஊதிக் குடிச்சாரு பாரு, உசுரே போயிருச்சு.”